வாரிசு வேண்டாம் என்ற கடைசி நிஞ்சா

மெழுகுவர்த்தி ஒன்று எரிகிறது. அதன் எதிரே ஒரு சிறுவன் உட்கார்ந்திருக்கிறான். திரியையே உற்றுப் பார்க்கிறான். அங்கும் இங்கும் பார்வையைத் திருப்பக் கூடாது. "நான் திரிக்கு உள்ளேயே இருக்கிறேன்" என்ற எண்ணம் வரும் வரை பார்க்க வேண்டும்!

நம் வீட்டுப் பிள்ளைகளை ஐந்து நிமிடம் இப்படி உட்கார வைத்துப் பாருங்கள். அப்போது தெரியும், இது எவ்வளவு கஷ்டம் என்று.

அந்தச் சிறுவன் பெயர் ஜினிச்சி கவகாமி. ஜப்பான் நாட்டுக்காரர். 1949-ம் ஆண்டு பிறந்தவர். பிற்காலத்தில் இவரைத்தான் "கடைசி நிஞ்சா" என்று உலகப் பத்திரிகைகள் எழுதின.

திருடன் ஆக்கப் பார்க்கிறாரோ?

கவகாமிக்கு 6 வயது இருக்கும்போது இஷிடா என்ற முதியவர் அவருக்கு வித்தை கற்றுக் கொடுக்கத் தொடங்கினார். சத்தம் இல்லாமல் நடப்பது எப்படி? சுவர் ஏறுவது எப்படி? பூட்டிய வீட்டுக்குள் நுழைவது எப்படி? இவைதான் பாடங்கள். முதலில் சிறுவன் இதை விளையாட்டு என்றே நினைத்தான். பிறகு, "இந்தத் தாத்தா நம்மைத் திருடன் ஆக்கப் பார்க்கிறாரோ" என்று சந்தேகம்கூட வந்ததாம்!

தரையில் ஊசி விழும் ஓசையைக் கேட்கப் பழகினான். வெயிலையும் குளிரையும் தாங்கப் பழகினான். சோறும் தண்ணீரும் இல்லாமல் நாள் கணக்கில் இருந்தான். மருந்து கலக்கவும், வெடி செய்யவும் கற்றான். 19 வயது நிறையும் முன்பே அந்தப் பரம்பரையின் தலைவர் பட்டம் அவருக்கு வந்து சேர்ந்தது. பட்டம் வந்தது என்றாலும் அது சோறு போடவில்லை. என்ஜினீயராக வேலை பார்த்துத்தான் அவர் பிழைத்தார்.

நெஞ்சின் மேல் கத்தி

நிஞ்சா என்றால் யார்? பழைய ஜப்பானில் அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் உளவு பார்த்த ஒற்றர்களே நிஞ்சாக்கள். அந்தக் காலத்தில் அவர்களை "ஷினோபி" என்றார்கள். நிஞ்சா என்ற பெயர் பரவலானது 20-ம் நூற்றாண்டில்தான்.

இந்தப் பெயரின் முதல் எழுத்து வேடிக்கையானது. ஜப்பானிய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சித்திரம் போல இருக்கும். இந்த எழுத்தில் கீழே நெஞ்சு. அதன் மேலே கத்தியின் கூர்மை. நெஞ்சின் மேல் கத்தி! இதற்குப் பொருள் என்ன தெரியுமா? "பொறுத்துக்கொள்" என்பதுதான். "மறைந்திரு" என்ற பொருளும் உண்டு.

நிஞ்சாக்களுக்குப் பேர் போன இடங்கள் இரண்டு. ஒன்று இகா. மற்றொன்று கோகா. இரண்டும் மலை சூழ்ந்த பகுதிகள். 1581-ம் ஆண்டு நொபுனாகா என்ற படைத் தலைவர் பல்லாயிரம் வீரர்களை அனுப்பி இகாவை அழித்தார். அடுத்த ஆண்டே நொபுனாகா தம் தளபதி ஒருவரின் துரோகத்தால் இறந்தார். அவருடைய நண்பர் இயெயாசுவின் உயிருக்கும் ஆபத்து. அவர் எந்த வழியாகத் தப்பினார் தெரியுமா? அதே இகா மலை வழியாகத்தான்! அழைத்துப் போனவர்களில் ஹட்டோரி ஹன்சோ என்பவர் முக்கியமானவர். டோக்கியோ அரண்மனையில் "ஹன்சோ வாசல்" என்று ஒரு வாசல் இன்றும் இருக்கிறது. அந்தப் பெயரில் சுரங்க ரெயில் பாதையும் ஓடுகிறது.

சினிமாவில் நிஞ்சா கறுப்பு உடை போட்டு, முகத்தை மூடிக்கொண்டு வருவார். அது நாடக மேடையில் இருந்து வந்த வழக்கம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். யோசித்துப் பாருங்கள். ஒற்றன், "நான் ஒற்றன்" என்று பறைசாற்றும் உடையிலா வருவான்? துறவி, வியாபாரி, கூத்தாடி என்று 7 வேஷங்களை ஒரு பழைய நூல் சொல்கிறது. கையில் அரிவாளோடு போகும் உழவனை யார் சந்தேகப்படுவார்கள்?

சண்டை போடுவது அவர்கள் வேலை அல்ல. செய்தியோடு உயிருடன் திரும்புவதுதான் வேலை. சண்டை வந்துவிட்டால் ஒற்றன் பாதி தோற்றுவிட்டான் என்று அர்த்தம். இருட்டில் ஓசை கேட்காமல் இருக்க ஒரு நடை உண்டு. இரண்டு கைகளையும் தரையில் விரித்து, தன் கைகளின் மேலேயே கால்களை வைத்து நடக்க வேண்டும்! எழுதவே இடுப்பு வலிக்கிறது.

நீளம் உதவாது

கத்திச் சண்டைக்கு வருவோம். ஜப்பானியச் சிறு கத்திக்கு "டான்டோ" என்று பெயர். அலகின் நீளம் ஓர் அடிக்குள் இருக்கும். இரும்புக் கவசம் அணிந்த இரண்டு வீரர்கள் கட்டிப் புரளும்போது நீண்ட வாளை வீச இடம் ஏது? கவசத்தின் இடுக்கில் நுழையச் சிறு கத்தியே உதவும்.

இந்த வித்தைக்குப் பேர் போன பழைய பள்ளி டகெனொஉச்சி பள்ளி. இன்றைய ஒக்காயாமா பகுதியில் 1532-ல் தொடங்கியது. அது பிறந்த கதையை அந்தப் பள்ளியார் இப்படிச் சொல்கிறார்கள்: டகெனொஉச்சி ஹிசமோரி என்ற வீரர் கோயிலில் தங்கித் தவம் இருந்தார். மர வாளை வைத்துக்கொண்டு இரவும் பகலும் பயிற்சி. களைத்துப் படுத்தபோது மலைத் துறவி ஒருவர் தோன்றினார். வீரரின் நீண்ட மர வாளை வாங்கி, இரண்டாக வெட்டினார். "நீளம் உதவாது" என்று சொல்லி, குட்டை வாளால் சண்டை போடும் முறையையும், எதிரியைப் பிடித்துக் கட்டும் முறையையும் கற்றுக் கொடுத்தாராம். துறவி வந்தாரோ இல்லையோ, பள்ளி இன்றும் நடக்கிறது!

தோற்பவர் வாத்தியார்

பயிற்சிக்கு மரக் கத்திதான். ஒருவர் குத்த வருவார். மற்றவர் பின்னால் ஓடக் கூடாது. கத்தி வரும் கோட்டில் இருந்து உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி விலக வேண்டும். அதே நொடியில் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். கத்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஏமாந்து போவோம். ஆளைப் பார்க்க வேண்டும். எந்த அடிக்கு எந்தப் பதில் என்பது முன்பே வகுக்கப்பட்டது. அதையே ஆயிரம் தடவை, முதலில் மெதுவாக, பிறகு வேகமாகச் செய்வார்கள்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒன்று. பழைய பள்ளிகள் பலவற்றில் குத்த வந்து தோற்கும் வேஷம் யாருக்கு? மாணவனுக்கு அல்ல, வாத்தியாருக்கு! எந்த வேகத்தில் வந்தால் மாணவனால் தடுக்க முடியும் என்று அவருக்குத்தான் தெரியும். அந்த வேகத்துக்குக் கொஞ்சம் மேலே வருவார். மாணவன் ஜெயிப்பான். ஒவ்வொரு நாளும் வாத்தியார் தோற்பார், பையன் தேறுவான்.

வீரர் குடும்பத்துப் பெண்களும் "கைகென்" என்ற சின்னக் கத்தியை இடுப்புத் துணியில் செருகி வைத்திருந்தார்கள். ஜப்பானில் பழைய முறைப்படி கல்யாணம் செய்யும் மணப்பெண் இன்றும் அந்தக் கத்தி உறையைச் செருகிக்கொள்கிறாள். பெரும்பாலும் உள்ளே நிஜக் கத்தி இருப்பதில்லை. மாப்பிள்ளை பயப்பட வேண்டாம்!

வீரர்கள் வாள் கட்டுவதை 1876-ல் அரசாங்கம் தடை செய்தது. இப்போது 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள கத்தியைத் தக்க காரணம் இல்லாமல் கொண்டு போனாலே குற்றம். 2 ஆண்டு வரை ஜெயில் கிடைக்கும்.

"என்னோடு போகட்டும்"

மறுபடியும் கவகாமியிடம் வருவோம். அடுத்த வாரிசு யார் என்று எல்லோரும் கேட்டார்கள். "யாரும் இல்லை" என்று 2012-ல் அவர் சொல்லிவிட்டார். பணமோ கோபமோ காரணம் அல்ல. இப்போது துப்பாக்கி இருக்கிறது. இன்டர்நெட் இருக்கிறது. நல்ல மருந்துகள் இருக்கின்றன. நிஞ்சா வித்தைக்கு இந்தக் காலத்தில் இடம் இல்லை என்றார் அவர். இன்னொன்றும் சொன்னார். விஷம் செய்யும் முறை ஏட்டில் இருக்கிறது. செய்தும் விடலாம். ஆனால் யாருக்குக் கொடுத்துப் பார்ப்பது? கொல்லும் வித்தையைப் பரீட்சை செய்ய முடியாது. பரீட்சை செய்யாத வித்தையை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

இந்தக் கவலை புதிது அல்ல. 1676-ல் ஃபுஜிபயாஷி என்பவர் நிஞ்சா வித்தைகளை 22 பாகங்களாக எழுதி வைத்தார். அப்போதே பெரிய போர்கள் ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏணி செய்வது, தீ மூட்டுவது, எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்த நூல் முதலில் பேசுவது ஆயுதத்தைப் பற்றி அல்ல, நேர்மையான மனத்தைப் பற்றி!

வாரிசு வேண்டாம் என்ற கவகாமி, ஏட்டுப் படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. இகா இருக்கும் மியே மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னார். அங்கே 2017-ல் நிஞ்சா ஆராய்ச்சி நிலையமே திறந்தார்கள். 2020-ல் அந்தப் பல்கலைக்கழகம் நிஞ்சா படிப்புக்கு முதல் எம்.ஏ. பட்டம் கொடுத்தது. வாங்கியவருக்கு வயது 45.

நிஞ்சாக்கள் காலையில் உழுதார்கள், பிற்பகலில் பயிற்சி செய்தார்கள் என்று அவர் ஒரு நூலில் படித்தாராம். உடனே இகாவுக்கே குடி போனார். நெல்லும் காய்கறியும் பயிரிட்டார். பிள்ளைகளுக்கு வித்தை சொல்லிக் கொடுத்தார். எம்.ஏ. முடிந்த கையோடு, அதே பாடத்தில் டாக்டர் பட்டத்துக்கும் படிக்கத் தொடங்கிவிட்டார்.