அஞ்சி அகலலும் அஞ்சி அணுகலும்

விவிலிய நூலை முறையே படித்து வருவார்க்கு ஓரிடத்தில் மயக்கம் நேர்வதுண்டு. கடவுளுக்கு அஞ்சுதலிலேயே ஞானம் தொடங்குகின்றது என நீதிமொழிகள் அறிவுறுத்தும். அவ்வச்சம் மாசற்றது, என்றும் நிலைபெறுவது எனச் சங்கீதமொன்று போற்றும். யோவானின் முதலாம் நிருபமோ, நிறைவெய்திய அன்புள்ள நெஞ்சில் அச்சத்துக்கு இடமில்லை, அன்பு அதனைப் புறத்தே தள்ளிவிடும் என்கின்றது. என்றும் நிலைபெறுவது எங்ஙனம் புறத்தே தள்ளப்படும்?

இவ்வினாவைத் தீர்த்துக்கொள்ளாதார் இருவகைப்படுவர். ஒருசாரார் நரக நெருப்பைக் காட்டிச் சிறுவரையும் முதியோரையும் நடுங்கவைத்து, அந்நடுக்கமே பக்தி என்பர். மற்றொருசாரார் அச்சம் என்னும் சொல்லையே பழங்காலத்து மிச்சமென ஒதுக்கிவிட்டு, கடவுளைத் தோளிற் கைபோட்டு நடக்கும் தோழராக்கிக்கொள்வர். இருசாராரும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே உண்டென எண்ணி இடர்ப்படுகின்றனர் என்பது என் துணிபு.

யாத்திராகமத்தின் இருபதாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். சீனாய் மலையில் இடிமுழக்கம், மின்னல், புகை. மக்கள் நடுங்கித் தொலைவில் நிற்கின்றனர். மோசே அவர்களை நோக்கி அஞ்சவேண்டா என்கின்றார். அவ்வாறு கூறிய அதே மூச்சில், நீங்கள் பாவஞ்செய்யாதிருக்கும் பொருட்டு இறைவனைப்பற்றிய அச்சம் உங்கள் கண்முன் இருத்தல் வேண்டும் என்றும் சொல்கின்றார். எபிரேய மூலத்தில் இவ்விரண்டிடத்தும் வருவது ஒரே வினையடி. 'அஞ்சாதே, அஞ்சு' என்பது போன்ற இப்பேச்சுக்கு உரை, அடுத்த அடியிலேயே செயலாய் அமைந்துகிடக்கின்றது. மக்கள் தொலைவில் நின்றனர். மோசே கடவுள் இருந்த காரிருளை அணுகிச் சென்றார். அஞ்சி அகன்றவர் அவர். அஞ்சி அணுகியவர் இவர். ஏதேனில் ஆதாம் மரங்களிடையே ஒளிந்ததும் அகலும் அச்சமே. திருநூல் காட்டும் முதல் அச்சமும் அதுவேயாகும்.

ஈண்டு இலக்கணச் செய்தியொன்று நினைவுக்கு வருகின்றது. அச்சப் பொருள் தரும் சொற்கள் ஐந்தாம் வேற்றுமையையும் இரண்டாம் வேற்றுமையையும் ஏற்கும் எனத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் விதித்தார். புலியின் அஞ்சினான் எனினும் புலியை அஞ்சினான் எனினும் பொருந்தும். ஐந்தாவது நீக்கப் பொருட்கு உரியது. புலியின் அஞ்சினவன் புலியினின்றும் நீங்குவான். தமிழ் விவிலியமோ கர்த்தருக்குப் பயப்படுதல் என நான்காம் உருபைப் பெய்து வழங்குகின்றது. உலக வழக்கிற் பாம்புக்கும் பயப்படுகின்றோம் ஆகலின் இதனை மிகைபடப் பேசல் வேண்டா. ஆயினும் நான்காவது கொடைப்பொருட்கு உரிய உருபு என்பதை நினையுந்தோறும் எனக்கு ஓர் உவகை தோன்றுவதுண்டு.

கடவுளுக்கு அஞ்சியவர் பிறர்க்கு அஞ்சாமை அந்நூலிற் பலகாலும் காட்டப்படுகின்றது. எபிரேயரின் ஆண் மகவுகளைப் பிறந்தவுடன் கொன்றுவிடுமாறு எகிப்திய மன்னன் மருத்துவிச்சியர் இருவருக்கு ஆணையிட்டான். சிப்பிராள், பூவாள் என்பன அவர்தம் பெயர்கள். அவர்கள் கடவுளுக்கு அஞ்சினர். ஆதலின் மன்னன் சொற்படி செய்யவில்லை. மன்னனின் பெயரைக் கூறாத நூல் இவ்வேழை மகளிரின் பெயர்களைப் பொறித்துவைத்தமை நோக்கத்தக்கது.

இனி, யோவானுக்கும் சங்கீதக்காரருக்கும் இடையே எழுந்த வழக்கைத் தீர்க்க முற்பட்டவருள் தலைசிறந்தவர் புனித அகுஸ்தீனார். வட ஆபிரிக்காவில் இப்பொழுது அல்சீரியா எனப்படும் நாட்டிலுள்ள ஹிப்போ நகரில் ஆயராக இருந்தவர். ஏறக்குறைய 407ஆம் ஆண்டில் யோவான் நிருபத்துக்கு அவர் ஆற்றிய விரிவுரைகளுள் ஒன்பதாவது இப்பொருளையே ஆராய்கின்றது. இரு கூற்றுகளும் இரு குழல்கள். இரண்டையும் ஊதும் மூச்சு ஒன்றே ஆதலின் இசை முரணாது என்பது அவர் கொள்கை. அவர் கையாண்ட இலத்தீன் சங்கீதத்தில் அச்சத்துக்கு அடையாக வந்த சொல் கற்புடைமையைக் குறிப்பது. அதனைப் பற்றிக்கொண்டு இரு மனைவியரை நம் கண்முன் நிறுத்துகின்றார். இருவரும் கணவனுக்கு அஞ்சுகின்றனர். ஒருத்தி அவன் வந்துவிடுவானோ என அஞ்சுகின்றாள். மற்றவள் அவன் பிரிந்துவிடுவானோ என அஞ்சுகின்றாள். அன்பு புறந்தள்ளுவது முன்னையதை; என்றும் நிலைபெறுவது பின்னையது. கற்பின் திறம் பேசிப் பழகிய தமிழ் நெஞ்சுக்கு இவ்வுவமை வேறு விளக்கம் வேண்டாது.

அச்சம் எவ்வச்சம் என்று அறிதற்கு உரைகல்லொன்றையும் அவர் வேறோரிடத்தில் தருகின்றார். வேண்டிய இன்பமெல்லாம் தருவேன், விரும்பியதைச் செய், தண்டனை இல்லை, ஆனால் என் முகத்தை மட்டும் ஒருபோதும் காணமாட்டாய் எனக் கடவுள் சொல்வாராயின் உன் நெஞ்சம் என்ன செய்யும்? மகிழ்ந்தால் நீ அஞ்சியது நெருப்புக்கு. துணுக்குற்றால் நீ அஞ்சியது அவருக்கு. நரகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு இவ்வாறு வினவுதற்குத் துணிந்த போதகர் மிகச் சிலரே.

பிரம்பும் கையுமாகக் கற்பிப்போர் அறியவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. சிறுவனாக அகுஸ்தீனார் கடவுளிடம் உருக்கமாக வேண்டிக்கொண்டது, பள்ளியில் அடிபடாதிருக்க வேண்டும் என்பதே. பெற்றோர் முதலாகப் பெரியோர் அவன் பட்ட அடியைக் கண்டு நகைத்தனர். கிரேக்க மொழியை அச்சுறுத்திப் புகட்டியமையால் அதன்மேல் வெறுப்பே வளர்ந்தது என்றும், கட்டாயத்தினும் தானே அறியும் ஆர்வமே கல்விக்கு மிக்க துணை என்றும் தம் 'அறிக்கைகள்' நூலில் எழுதினார். வகுப்பறையில் அடிக்கு அஞ்சும் மாணவன், ஆசிரியர் புறப்பட்டவுடன் அச்சத்தையும் உடன் அனுப்பிவிடுவான். ஆசிரியர் மனம் நோகுமே என அஞ்சுபவன் வீட்டிலும் அவ்வச்சத்தோடேயே இருப்பான்.

ஆயினும் முன்னைய அச்சத்தை அவர் முற்றாகப் பழித்தாரல்லர். தைக்கும்போது முதலில் நுழைவது நூலன்று. நூல்நுனியிற் பிணைத்த பருமயிர் என்றார். நாம் ஊசி எனக் கொள்ளலாம். ஊசி உட்புக, நூலாகிய அன்பு தொடரும். ஊசி வெளியேறாதவரை நூலுக்கு வழியில்லை. அழகிய உவமை. ஆனால் இதன் ஆபத்தை அவர் வாழ்க்கையே காட்டுகின்றது. 405ஆம் ஆண்டில் பேரரசர் ஒனோரியுசு, பிரிந்து நின்ற தொனாத்தியரை ஒடுக்க ஆணை பிறப்பித்தார். முன்னர் வற்புறுத்தலை விரும்பாதிருந்த அகுஸ்தீனார், சட்டத்துக்கு அஞ்சிப் பலர் திருச்சபைக்கு மீண்டமை கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இவ்விடத்தில் அவரைப் பின்பற்ற என் மனம் இசையவில்லை. ஒருவன் தன் நெஞ்சுள் தானே உணர்ந்து கொள்ளும் ஊசி வேறு. அரசன் சேவகர் கையிற் கொடுத்துப் பிறர்மேற் செலுத்தும் ஊசி வேறு.

1274இல் மறைந்த தோமஸ் அக்குவைனார் இவ்வச்சங்களை உலகச்சம், அடிமையச்சம், தொடக்கவச்சம், மகவச்சம் என நான்காக வகுத்தார். அன்பு வளர வளர அடிமையச்சம் தேயும், மகவச்சமோ அன்போடு சேர்ந்து வளரும் என்பது அவர் முடிபு. நம் நாட்டுக் கத்தோலிக்கர் தூய ஆவியின் ஏழு கொடைகளை எண்ணுங்கால் பக்தியை அடுத்து ஈற்றில் தெய்வபயத்தை வைத்தலும் நினைக்கத்தக்கது. கொடை எனப்படுவது நடுக்கம் ஆதல் யாங்ஙனம்?

430ஆம் ஆண்டு. வந்தாலர் படை ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்தது. எழுபத்தைந்து அகவையினரான அகுஸ்தீனார் நோயுற்றுக் கிடந்தார். தாவீதின் மனவருத்தச் சங்கீதங்கள் சிலவற்றைத் தாள்களில் எழுதுவித்துப் படுக்கைக்கு எதிரேயுள்ள சுவரில் ஒட்டச் செய்தார் என, அவருடன் பழகிய பொசிதியுசு எழுதிவைத்துள்ளார். மருத்துவர் வரும் வேளையும் உணவு வரும் வேளையும் தவிர எவரும் உள்ளே வரலாகாது எனப் பணித்துவிட்டு, ஏறத்தாழப் பத்து நாள்கள் அவற்றைப் படித்துப் படித்துக் கண்ணீர் சொரிந்துகொண்டிருந்தார்.