பெயர் சொல்லாத 28 லட்சம் பேர்

அண்ணன் மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. வாக்காளர் பட்டியலில் சேருவதற்கான படிவம் 6-ஐ டீ தம்ளருக்குப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு, "அத்தை, ஓட்டு எல்லாருக்கும் எப்பவுமே இருந்ததுதானே?" என்றாள். இல்லை கண்ணு, ஆற அமரக் கேள் என்று உட்கார்ந்தேன்.

1917 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் போய் ஓட்டுரிமை கேட்டார்கள். 1919 சட்டம் அந்த முடிவை மாகாணங்களிடம் தள்ளிவிட்டது. 1921-ல் முதலில் சரி என்றது நம் சென்னை மாகாணம். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் ஓட்டு அப்போது சொத்தோடு கட்டியிருந்தது. வரி கட்டும் அளவுக்கு நிலமோ வீடோ உன் பேரில் இருக்க வேண்டும். எத்தனை பெண்கள் பேரில் பட்டா இருந்திருக்கும்? 1935 சட்டம் கொஞ்சம் இளகியது. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், இல்லையென்றால் சொத்துள்ளவரின் மனைவியாக இருந்தாலும் சரி.

குடியரசான பிறகுதான் 21 வயது நிரம்பிய எல்லாருக்கும் ஓட்டு. அந்த வயது 18 ஆனது 1989-ல்.

முதல் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்க வீடு வீடாகப் போனார்கள். வடக்கே பல வீடுகளில் பெண்கள் தம் பேரைச் சொல்லவில்லை. அந்நிய ஆணிடம் சொல்வது வழக்கமில்லை. "இன்னார் பெண்டாட்டி", "இன்னார் மகள்" என்றார்கள். வந்தவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பேர் வேண்டும் என்றார். பெண் வாக்காளர்கள் ஏறக்குறைய 8 கோடி பேரில் சுமார் 28 லட்சம் பேர் நீக்கப்பட்டார்கள். பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கம்தான் அதிகம்.

"பாவம் இல்லையா அத்தை?"

பாவம்தான். ஆனாலும் நான் சென் பக்கம். யோசித்துப் பார். "இன்னார் மகள்" என்று எழுதிய பெண் தேர்தலுக்குள் கல்யாணமாகிப் போனால், பட்டியலில் இருப்பது யார்? அந்த வீட்டில் மூன்று மகள்கள் இருந்தால், சாவடியில் வந்து நிற்பவள் எந்த மகள்? அந்த ஓட்டை யார் வேண்டுமானாலும் போட்டுவிட்டுப் போகலாம். குற்றம் அந்தப் பெண்கள் மேலும் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிய தேவையே வராமல் அவர்களை வைத்திருந்த வீடுகள் மேல்தான்.

நம் ஆச்சியையும் ஊரில் மேட்டுவீட்டு ஆச்சி என்றுதான் சொல்வார்கள். தாத்தாவுக்கு அவள் "ஏளா". நான் சின்னப்பிள்ளையாக அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சாவடிக்குப் போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பட்டியலில் விரலை ஓட்டி, ஒரு பேரை உரக்க வாசித்தார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"நாந்தான்" என்று ஆச்சி ஓரடி முன்னால் போனாள்.