குடும்ப விவகாரம் என்னும் சாக்கு

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டின் சுவராக அமைந்திருப்பதாலும், கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் வீடுகள் இடைவெளியின்றி நெருங்கி நிற்பதாலும், ஒரு ஸ்திரீ தன் கணவனிடம் அடிபடுவது அயலாருக்குத் தெரியாத இரகசியமாக ஒருபோதும் இருப்பதில்லை. தெரிந்தும் நாம் செய்வதென்ன? தொலைக்காட்சியின் சத்தத்தைச் சற்றே கூட்டிவைக்கிறோம், மறுநாட் காலை லிப்டில் அவளைக் கண்டால், வீங்கிய கன்னத்தில் கண் படாதபடி கதவுக்கு மேலே மாறும் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறோம், "புருஷன் பெண்சாதி விசயத்துக்குள்ள நாங்கள் ஏன் தலையிடுவான்?" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் நாடளாவிய ரீதியில் நடத்திய ஆய்வின்படி, துணைவரோடு வாழ்ந்த பெண்களுள் 20.4 சதவீதத்தினர், அதாவது ஐந்தில் ஒருத்தி, தம் வாழ்நாளில் அத்துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். படித்த குடும்பங்களில் இவையெல்லாம் நடப்பதில்லை என்ற நம் அபிப்பிராயம், அக்குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொள்ளும் சாமர்த்தியத்தைத்தான் காட்டுகிறது. நேசம் சரவணமுத்து அம்மையாரை 1932இலேயே அரசாங்க சபைக்குத் தெரிவுசெய்து அனுப்பிய பெருமை வடகொழும்புக்கு உண்டு. பொதுவாழ்வில் அவ்வளவு விசாலமான மனத்தைக் காட்டிய நகரம், வீட்டுப்படிக்கு உள்ளே மட்டும் பழைய அதிகாரத்தை அப்படியே விட்டுவைத்தது விசித்திரமே.

சட்டம் இல்லாமலில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், அடியையும் காயத்தையும் மாத்திரமன்றி, பாரதூரமான முறையில் தொடர்ந்து அவமதித்து இழிவுபடுத்தும் நடத்தையையும் வன்முறையாகவே கொள்கிறது. பாதிக்கப்பட்டவள் வசிக்கும் இடத்திலோ, கணவன் வசிக்கும் இடத்திலோ, சம்பவம் நடந்த இடத்திலோ உள்ள நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால், அவசரம் உண்டெனக் காணும் நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையையும், விசாரணைக்குப் பின் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத பாதுகாப்புக் கட்டளையையும் பிறப்பிக்கலாம். அக்கட்டளை, கணவன் வீட்டுக்குள் நுழைவதையும், அவளைப் பின்தொடர்வதையும், அவளை நிர்க்கதியாக்கும்படி குடியிருக்கும் வீட்டை விற்பதையுங்கூடத் தடுக்கவல்லது. மீறினால் ஓராண்டு வரை சிறையும் உண்டு. பலரும் அஞ்சுவதுபோல இது அவனை உடனே கம்பி எண்ண வைக்கும் வழக்கன்று, முதலில் அவளைக் காக்கும் ஏற்பாடே என்பதைத் தாய்மாருக்கும் மாமிமாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் நீதிமன்றத்துக்குப் போகும் வழியில்தான் நம்முடைய 'சமாதானம்' குறுக்கே நிற்கிறது. பொலிஸ் நிலையத்து வாங்கில் அவளையும் அவனையும் அருகருகே இருத்தி, "பிள்ளைகளை யோசிச்சுப் பாரம்மா" என்று புத்தி சொல்லி, இனி அடிப்பதில்லை என்று அவனிடம் எழுதி வாங்கி, இருவரையும் ஒரே முச்சக்கரவண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவதைச் சமாதானம் என்பது பெரிய அநியாயம். அவ்வண்டி வீட்டு வாசலில் நின்ற பிறகு நடப்பதற்குப் பொறுப்பாளி யார்? முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்க அவளுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், வாசித்து விளங்கப்படுத்தாமல் அதில் ஒப்பமிடாதிருப்பது நல்லது. காயம் ஆறுமுன் அரசாங்க வைத்தியசாலைக்குப் போய், நடந்ததை நடந்தபடி வைத்தியரிடம் சொல்லவேண்டும். படியில் விழுந்ததாகச் சொன்னால் ஏட்டிலும் அதுவே பதியும், பின்னர் நியாயஸ்தலத்தில் அவளுக்கு எதிராகவும் அதுவே பேசும். நட்பு நிலையம் என்ற ஆலோசனைப் பிரிவு பல அரசாங்க வைத்தியசாலைகளில் இருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணமில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பிள்ளைகளின் செலவுக்கு 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம் துணை நிற்கும்.

சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. நீதிமன்றக் கட்டளையால் பிரிந்து வாழும் நிலையிலன்றி, மனைவியின் சம்மதமின்றி அவளைப் புணர்வதைத் தண்டனைச் சட்டக்கோவை வன்புணர்ச்சியாகக் கொள்வதில்லை. பொதுத் திருமணச் சட்டத்தில் கொடுமை என்பது தனியொரு விவாகரத்துக் காரணமாக இன்னும் இடம்பெறவில்லை. வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவளின் நிலைமையோ இன்னும் பரிதாபம்: தகப்பனார் ஓய்வூதியப் பணத்தையெல்லாம் கொட்டி வாங்கி, சீதனமாக அவள் பெயரிலேயே எழுதிக் கொடுத்த வெள்ளவத்தை வீட்டை விற்பதற்கோ ஈடுவைப்பதற்கோ, அவளை அடிக்கும் அக்கணவனின் எழுத்துமூலச் சம்மதமே வேண்டும். அவன் நியாயமின்றி மறுத்தால் நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம் என்பதை அறிந்த பெண்கள் மிகச் சிலரே.

அயலாரின் பங்குக்கு வருவோம். பாதிக்கப்பட்டவளே வரவேண்டும் என்று சட்டம் நிர்ப்பந்திக்கவில்லை; அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பிக்கலாமாதலால், சுவருக்கு இப்பாலிருந்து 119க்கு எடுக்கும் ஓர் அழைப்பே தொடக்கமாகலாம்; மகளிருக்கான உதவி இலக்கம் 1938. உதவி செய்யப்போய் நமக்கு வினை வருமோ என்று தயங்குவோர் இதையும் அறிந்திருக்கலாம்: அவளுக்குத் துணைநின்ற உறவினர், நண்பர் முதலியோர்மீது அவன் கைவைக்கக் கூடாதென்றும் அதே பாதுகாப்புக் கட்டளையில் நீதவான் விதிக்கலாம்.