புத்தகங்களுக்காக எழுந்த வீடு

மாதுங்காவில் காபி குடித்துவிட்டு நடந்தால், தாதர் இந்து காலனி தொலைவில்லை. அங்கே நிற்கிறது 'ராஜகிருகம்'. கட்டியவர் டாக்டர் அம்பேத்கர்.

1896-ல் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. நெரிசலே காரணம் என்று கருதிய அரசு 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை அமைத்தது. டிரஸ்ட் பரேலில் தொழிலாளருக்கு சால்கள் கட்டியது. தாதர்-மாதுங்காவில் நடுத்தர வர்க்கத்துக்கு மனைகள் பிரித்தது. அம்பேத்கர் இரண்டிலும் வாழ்ந்தவர். பரேல் சாலின் இடுக்கு அறைகளில்தான் நெடுங்காலம் படித்தார், எழுதினார். 1917-ல் பரோடாவில் அரசுப் பணிக்குச் சென்றபோது, சாதி தெரிந்ததும் பார்சி விடுதியிலிருந்து துரத்தப்பட்டார். அந்த ஊரில் அவருக்கு வேறு இடம் கொடுக்க ஆளில்லை. சொந்த வீடு அவருக்கு வெறும் வசதியல்ல.

1931-33-ல் வீடு எழுந்தது. மகதத்தின் பழைய தலைநகரின் பெயரைச் சூட்டினார். பௌத்தம் தழுவியதோ 1956-ல்! குடும்பத்தைவிடப் புத்தகங்களுக்கே இடம் அதிகம். அவர் சேர்த்தவை 50,000-க்கு மேல் என்கிறார்கள். மனைவி ரமாபாய் 1935 மே 27 அன்று இங்கேதான் காலமானார். 1956 டிசம்பரில் தில்லியிலிருந்து அவரது உடலும் இங்கே வந்தது.

தேசிய நினைவுச் சின்னமாக்கும் முயற்சி சட்டச் சிக்கல்களால் நின்றது. 2013-ல் பாரம்பரியக் கட்டடம் என்ற தகுதி கிடைத்தது. கீழே அருங்காட்சியகம், மேலே குடும்பத்தினர். அந்தத் தகுதி காவலாகிவிடவில்லை: 2020 ஜூலை 7 அன்று யாரோ பூந்தொட்டிகளையும் ஜன்னல் கண்ணாடியையும் உடைத்துவிட்டுப் போனார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 6 அன்று சைத்யபூமிக்கு வருகிறவர்கள் பலர் இந்த வாசலிலும் வரிசையில் நிற்கிறார்கள்.