குடல் பாக்டீரியா டெஸ்ட்: ரிப்போர்ட்டில் வர்ற சதவீதத்தை நம்பலாமா?

ரீல்ஸ் பார்க்கும்போது நடுவுல ஒரு விளம்பரம்: ‘உங்க குடல்ல என்ன பாக்டீரியா இருக்கு? வீட்டிலிருந்தே தெரிஞ்சுக்கலாம்!’ நீங்க வானூர்ல இருந்தாலும் கிட் கூரியர்ல வந்துடும். மல மாதிரியை அனுப்பினா, மொபைலுக்கு கலர் கலரா ரிப்போர்ட் வரும். ‘நல்ல பாக்டீரியா 12%’னு பார்த்துட்டு சாப்பாட்டை மாத்துறதுக்கு முன்னாடி, லேப்ல எப்படி எண்ணுறாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க.

2016-ல் இஸ்ரேல், கனடா விஞ்ஞானிகள் போட்ட கணக்குப்படி, 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை பெருங்குடலில்தான்.

வளர்த்து எண்ணுவது

இது பழைய முறை. கண்ணாடித் தட்டில் வளரவிட்டு, புள்ளி புள்ளியாக வரும் கூட்டங்களை எண்ணுவார்கள். ஆனா, குடல் பாக்டீரியாக்களில் பல, ஆக்ஸிஜன் பட்டாலே செத்துடும். தட்டில் வளராதது கணக்கிலும் வராது.

பிசிஆர்

கொரோனா டெஸ்ட்ல கேள்விப்பட்ட அதே பிசிஆர்தான். தேடும் பாக்டீரியாவின் டிஎன்ஏ துண்டை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குவார்கள். சீக்கிரம் ஒளிர்ந்தால், ஆரம்பத்திலேயே அதிகம் இருந்ததுன்னு அர்த்தம்.

வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்திய இளம்பெண்களில் சைவம், அசைவம் சாப்பிடுபவர்களை இந்த முறையில் ஒப்பிட்டார்கள். குடலுக்கு நன்மை செய்யும் ‘பியூட்டிரேட்’டைத் தயாரிக்கும் ஒரு பாக்டீரியா கூட்டத்தின் பங்கு, அசைவம் சாப்பிடுபவர்களிடம் அதிகமாக இருந்தது. ‘இது சாப்பிட்டா நல்ல பாக்டீரியா, அது சாப்பிட்டா கெட்டது’ன்னு பிரிக்கிறது அவ்ளோ ஈஸி இல்லை!

சீக்வென்சிங்

பாக்டீரியாக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ‘16எஸ்’ மரபணுவைப் படித்து, யார் யார் இருக்காங்கன்னு கண்டுபிடிக்கும் முறை. தேடாத பாக்டீரியாவும் இதில் சிக்கும். ஆனா, கிடைப்பது பெரும்பாலும் எண்ணிக்கை இல்லை, சதவீதம்.

வானூர் தொகுதியில் ஒரு வேட்பாளர் 30% வாக்கு வாங்கினார்னு மட்டும் சொன்னா, எத்தனை ஓட்டுன்னு தெரியுமா? மொத்தம் எவ்வளவு பதிவாச்சுன்னு தெரியணுமே! அதேபோல, ஒரு பாக்டீரியா குறையாமலே, மற்றவை பெருகினால் அதன் சதவீதம் இறங்கிடும். செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏவும் இதில் சேர்ந்துவிடும். மே மாச வெயிலில் சாம்பிள் கூரியர் வண்டியில் கிடந்தால், வழியிலேயே சில பாக்டீரியாக்கள் பெருகி கணக்கே மாறலாம். அதனாலதான் ஆய்வகங்களில் உறைய வைப்பார்கள், இல்லைன்னா பாதுகாப்பு திரவத்தில் போடுவார்கள்.

பணம் கட்டும் முன்…

எந்த முறை? சதவீதமா, எண்ணிக்கையா? சாம்பிளை எப்படிப் பாதுகாக்கிறாங்க? இந்த மூணையும் கேளுங்க. வேற வேற முறையில் எடுத்த ரெண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடாதீங்க. மலத்தில் ரத்தம், காரணமில்லாம எடை குறைவது, நாள்கணக்கில் வயிற்றுப்போக்கு இருந்தா கிட்டுக்காகக் காத்திருக்காம, நேரா டாக்டரைப் பாருங்க!