வேகம் எங்கே போகிறது?

தர்மபுரியிலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குத் தொப்பூர் கணவாயைத் தெரிந்திருக்கும். சாலை வளைந்து வளைந்து இறங்கும். முன்னால் போகும் சரக்கு லாரியை நெருங்கும்போது சில சமயம் தீய்ந்த வாடை அடிக்கும். அது சூடேறிய பிரேக்கின் வாடை. 1953-ல் உலகின் சிறந்த பந்தயக் கார்களையும் இதே சூடுதான் பாடாய்ப் படுத்தியது.

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான உலக சாம்பியன் போட்டி அந்த ஆண்டுதான் தொடங்கியது. அமெரிக்காவின் செப்ரிங்கில் 12 மணி நேரம், பிரான்சின் லெ மான்ஸில் 24 மணி நேரம் என்று மொத்தம் ஏழு பந்தயங்கள். வேகம் மட்டும் போதாது, வண்டி கடைசிவரை தாக்குப்பிடிக்க வேண்டும். பட்டத்தை வென்றது ஃபெராரி. ஆனால் லெ மான்ஸில் ஜெயித்தது ஜாகுவார். அறிவியல் படிக்கும் நமக்கு அந்த வெற்றிதான் முக்கியம்.

லெ மான்ஸ் பாதையில் அன்று ஏறக்குறைய 6 கிலோமீட்டருக்கு ஒரே நேர்ச்சாலை இருந்தது. கார்கள் அங்கே மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டன. முடிவில் ஒரு கூரிய திருப்பம். வேகத்தை அடியோடு குறைத்தால்தான் திரும்ப முடியும்.

குறைத்த வேகம் எங்கே போகும்? உள்ளங்கைகளை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சூடாகும். பிரேக்கிலும் இதுதான் நடக்கிறது. ஓடும் காரின் இயக்க ஆற்றல் அழிவதில்லை, உராய்வினால் வெப்பமாக மாறுகிறது. காரின் எடை ஒரு டன் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அந்த ஒரு திருப்பத்தில் பிறக்கும் வெப்பம், சுமார் 7 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அதுவும் சில நொடிகளில்! ஜெயித்த கார் இப்படி 300 சுற்றுக்கு மேல் ஓடியது.

அன்றைய கார்களில் இருந்தது டிரம் பிரேக். சக்கரத்தோடு சுழலும் மூடிய இரும்பு டிரம்முக்குள் இரண்டு பிரேக் ஷூக்கள் இருக்கும். மிதியை மிதித்தால் அவை விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்தும். சூடானால் உலோகம் விரியும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? டிரம் விரிந்தால் சுவர் ஷூவைவிட்டு விலகிப் போகும். மூடிய பெட்டி என்பதால் சூடும் எளிதில் வெளியேறாது. ஷூவின் மேல் உராயும் பகுதியான லைனிங் தன் பிடிப்பை இழக்கும். ஓட்டுநர் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.

ஜாகுவார் பொறியாளர்கள் டன்லப் நிறுவனத்தோடு சேர்ந்து டிஸ்க் பிரேக்கைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள். சைக்கிள் ரிம்மை இரு பக்கமும் ரப்பர் கட்டைகள் கவ்வுவதுபோல, சுழலும் தட்டை இரண்டு பேடுகள் கவ்வும். தட்டு சூட்டில் தடித்தால் பேடை நோக்கித்தான் விரியும். காற்று நேராகப் பட்டு அதைக் குளிர்விக்கும். டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் மாறி மாறி ஓட்டிய கார் 24 மணி நேரத்தில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து முதலிடம் பிடித்தது. இரண்டாம், நான்காம் இடங்களும் ஜாகுவாருக்கே. இன்று ஓசூரில் தயாராகும் மோட்டார் சைக்கிள்களிலும் இந்தத் தட்டைப் பார்க்கலாம்.

தொப்பூருக்கு வருவோம். 40 டன் லாரி ஒன்று 100 மீட்டர் உயரம் இறங்கினால், வேகம் கூடாமலே இறங்கினாலும், சுமார் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு ஆற்றலை எங்காவது செலவழித்தாக வேண்டும். குறைந்த கியரில் இறங்கினால் சக்கரங்கள் எஞ்சினையும் இழுத்துச் சுற்ற வேண்டியிருக்கும். அதனால் பெரும்பங்கு ஆற்றல் எஞ்சினிலேயே கழிந்துவிடும். டீசலை மிச்சப்படுத்த நினைத்து நியூட்ரலில் இறக்கினால் மொத்தச் சுமையும் பிரேக்கின் தலையில்தான். இந்த இறக்கத்தில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன.

உங்கள் வீட்டில் லாரி ஓட்டும் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் இந்த 130 லிட்டர் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். இன்னொன்று: கணவாய் இறங்கி நிற்கும் லாரியின் பிரேக் டிரம்மை ஒருபோதும் தொடாதீர்கள், கை வெந்துவிடும்.