நின்று நின்று போகும் மின்பிறப்பாக்கி

இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைவாசல்களில் இரைந்த சிறிய பெற்றோல் மின்பிறப்பாக்கிகள், மின்சாரம் சீரானதும் படிக்கட்டின் கீழ் ஒதுங்கின. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்றால் நேர்ந்த கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியதே, அத்தகைய நாட்களில்தான் அவை மீண்டும் வெளியே இழுக்கப்படுகின்றன. கிளம்பிய இயந்திரம் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. ஓடித் தேய்வதைவிட ஓடாமல் கிடந்தே இவை பெரிதும் கெடுகின்றன.

பெற்றோலையும் காற்றையும் உரிய அளவில் கலந்து இயந்திரத்துக்கு ஊட்டும் காபரேற்றரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. மாதக்கணக்கில் அதில் தேங்கிய பெற்றோலின் இலேசான கூறுகள் ஆவியாகிவிட, எஞ்சும் பசைபோன்ற படிவு, ஜெட் எனப்படும் ஊசித்துளையை அடைத்துவிடுகிறது. காற்றைக் குறைத்துக் கலவையைச் செறிவாக்கும் சோக்கைப் பாதி இழுத்துவைத்தால் மட்டும் இயந்திரம் ஓடுமாயின், பழுது பெரும்பாலும் இந்தத் துளையிலேயே இருக்கும்.

நிற்கும் விதமும் நோயைக் காட்டும். ஏறி இறங்கி, திணறி நின்றால் பெற்றோல் போதவில்லை. ஓசை சட்டென்று அறுந்தால் பிளக்கின் தீப்பொறி நின்றுவிட்டது என்று பொதுவாகக் கொள்ளலாம். கால் மணித்தியாலம் நன்றாக ஓடி நின்று, சற்றுப் பொறுத்ததும் மீண்டும் கிளம்பும் இயந்திரத்தில், முதலில் தாங்கியின் மூடியைப் பார்க்க வேண்டும்: அதிலுள்ள காற்றுத்துளை அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெற்றோல் இறங்க மறுக்கும். இதற்காகக் காபரேற்றரைக் கழற்றிக் காசு செலவழித்தோரும் உளர். மூடியைத் தளர்த்தியும் பயனில்லையெனில், சூடேறியதும் செயலிழக்கும் தீப்பொறிச் சுருளைச் சந்தேகிக்கலாம்.

ஒயில் குறைந்தால் தீப்பொறியைத் துண்டித்து இயந்திரத்தைக் காக்கும் உணரி பல மாதிரிகளில் உண்டு. சரிவான தரையில் வைத்தால், ஒயில் போதியளவு இருந்தும் அது ஏமாந்துவிடும். குளிர்சாதனப்பெட்டியோ தண்ணீர்ப் பம்போ தொடங்கும் கணத்தில் வழமையைவிடப் பன்மடங்கு மின்னை இழுப்பதால் சிறிய இயந்திரம் மூச்சடைப்பதும் உண்டு. வெள்ளவத்தையின் உப்புக்காற்று மின் இணைப்புகளைத் துருப்பிடிக்கச் செய்வது தனிக்கதை.

இச்சோதனைகள் எதையும் தொடர்மாடி வீட்டின் பல்கனியில் செய்தல் ஆகாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது, அடுத்த வீட்டாரையும் கொல்ல வல்லது. வெட்டவெளியில் வேலை முடிந்தபின், நிறுத்தும் சுவிட்சைத் தொடாமல் பெற்றோல் குழாயை மூடிவிட்டால், கிண்ணத்தில் எஞ்சியதை எரித்துத் தீர்த்து இயந்திரம் தானாகவே நிற்கும்.